கவரில் சுற்றிய பிரஷ்

சலவைக்கூடத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பு என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மடிப்பக்கா என்பார்கள். மேற்பார்வையாளர் மட்டும் ஏதாவது அவசரம் என்றால், "எங்கம்மா நம்ம மடிப்பு?" என்று கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கேட்பார்.

எங்கள் கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் துணி வரும். நான் பிரிக்கும் மேசையில் நிற்கிறவள். மூட்டையை அவிழ்த்து வெள்ளையைத் தனியாக, கறை பட்டதைத் தனியாக, ரத்தம் பட்டதைத் தனியாகப் போட வேண்டும். ஒவ்வொரு சட்டைப்பையையும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பேனா உள்ளே போய்விட்டால் ஒரு மெஷின் துணியும் பாழ். அக்கா கடைசி மேசையில் நிற்பாள். இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை அவள் ஒருத்தியாகவே மடிப்பாள். நுனியை மோவாயால் அழுத்திக்கொண்டு, இரு கையையும் அகலமாக விரித்து, ஒரே உதறல். கீழே வைக்கும்போது அது புத்தகம் மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். அவள் விட்டதால் நானும் விட்டேன். அவள் இல்லாமல் அங்கே யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வேலைக்குப் போன இடத்துக்கே நானும் போனேன். இப்போதும் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மாமாவை அவள் சந்தித்தது அந்தக் கூடத்தில்தான். நீராவி பட்டுச் சுவரெல்லாம் உரிந்துபோய், பெயின்ட் அடிக்க ஆள் வந்தது. வெளிர் பச்சை. ஆஸ்பத்திரிகளில் பாதிச் சுவருக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. அடித்து முடித்த பிறகும் அந்த ஆள் போகாமல் சுவருக்குப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்ன, சுவரு ஏதாவது சொல்லுதா?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லும். நீங்க வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நின்னா."

பெயின்ட் படாமல் விட்டுப்போன இடம் நேராகப் பார்த்தால் தெரியாதாம். வெளிச்சம் சரிவாக விழும்போது ஒதுங்கி நின்று பார்த்தால்தான் தெரியுமாம். அக்கா தள்ளி நின்றாள். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அவளே ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே விட்டுப்போயிருந்தது. அவர் மறுபடி ஏணியை எடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஏதோ ஒரு இடம் விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் கடைசியில், "தம்பி, சுவர் போதும். பொண்ணைக் கேட்கறதுன்னா நேரா போய்க் கேளு" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் முன்னறை எனக்கு. அக்காவின் மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். மாமா நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எங்கள் வீட்டில் என்னைப் பேச வைக்க முயற்சி செய்யாத ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மாலையில் வந்ததும் கொல்லைக் குழாயில் பிரஷ்ஷைக் கழுவி, பழைய சீப்பால் வாரி, ஆணியில் தலைகீழாக மாட்டுவார். மாட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. வேலையின் நடுவில் சாப்பிட எழுந்தால் கழுவ மாட்டார். பிரஷ்ஷை பாலித்தீன் கவரில் இறுக்கிச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பேண்ட்டின் பின்பாக்கெட்டில் செருகிக்கொள்வார். காற்றுப் பட்டால் மயிர் விறைத்துவிடுமாம். அந்தக் கவர்களையும் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். எங்கள் கொடியில் துணியைவிடக் கவர்தான் அதிகம் தொங்கும்.

"பொண்டாட்டியைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கல" என்பாள் அக்கா.

"நீ காஞ்சு போற ஆளா?" என்பார்.

சண்டை வந்தது சமையலறைச் சுவரால். ஒரு விடுமுறை நாளில் நானும் அக்காவும் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால், சமையலறை முழுக்க அந்தப் பச்சை. எங்கேயோ வேலையில் மிஞ்சிய பெயின்ட். முகத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருக்க, மாமா கதவோரம் சிரித்துக்கொண்டு நின்றார்.

அக்கா பையைக் கீழே வைக்கவேயில்லை. "நாள் முழுக்க இந்தக் கலரைப் பாத்துட்டுதான் வரேன். வீட்டுக்கு வந்தும் இதேவா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க கை பட்டு எது உருப்பட்டிருக்கு?"

மாமாவின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. பிறகு ஏணியை மடக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். எங்கள் கூடத்துச் சுவரின் நினைவாக அடித்தாரா, மிச்சப் பெயின்ட் என்பதால் மட்டும் அடித்தாரா, எனக்குத் தெரியாது. அக்கா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வாசல் பக்கத்து அலமாரியில் வைப்பாள். அவர் எடுத்துக்கொண்டு போவார். மாலையில் டப்பா கழுவி அதே இடத்தில் இருக்கும். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம், "உங்கக்காவுக்கு வாய் நீளம், என் மகனுக்கு மௌனம் நீளம். நடுவுல நாம ரெண்டு பேரும் ஊமைங்க" என்பார்.

அப்படியிருந்த ஒரு நாள் மதியம் போலீஸ்காரர் ஒருவர் கூடத்துக்கு வந்தார். மேற்பார்வையாளர் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசிவிட்டு, அக்காவின் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். மாமா வேலை செய்த கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

"இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்" என்றாள் அக்கா.

முடித்தாள். கடைசி விரிப்பின் ஓரத்தை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினாள். பிறகுதான் ஏப்ரனைக் கழற்றினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. நான் பிரிக்கும் மேசையில் ஒரு கோட்டின் பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தேன். எதை எடுக்க விட்டேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள். உடலைப் பரிசோதனை செய்த பிறகுதான் தருவோம் என்றார்கள். மாமாவின் தம்பி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சவக்கிடங்கு ஊழியர் ஒரு பையை அவர் கையில் கொடுத்தார். உள்ளே மாமா போட்டிருந்த துணி. அது போலீஸிடம் போயிருக்க வேண்டியது. அந்த ஊழியருக்கு என்ன அவசரமோ, கொடுத்துவிட்டார். தம்பி அதை அப்படியே அக்காவிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் துணியில் பிழைப்பவர்கள். எது கையில் வந்தாலும் பைகளை இழுத்துப் பார்த்து, கறைக்குத் தகுந்த தண்ணீரில் போடுவதுதான் எங்களுக்குத் தெரியும். ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர், உப்பு. நான் பின்கதவில் நின்று பார்த்தபோது சட்டை ஏற்கெனவே வாளியில் இருந்தது. அவள் குனிந்து, எங்கள் கூடத்துத் துணி எதையும் தேய்ப்பது போலவே தேய்த்துக்கொண்டிருந்தாள். விடுடி, இப்போது எதற்கு என்று சொல்ல ஆளில்லை. மாமியார் முன்னறையில் படுத்துக் கிடந்தார்.

மறுநாள் காலையில் கொடியில் சட்டையும் பேண்ட்டும் தொங்கின. பக்கத்தில் வழக்கம்போல ஒரு கவர். ஆணியில் வழக்கம்போல பிரஷ். நான் அவற்றைப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் பேச்சு கிளம்பியது. மாமா விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அவரோடு வேலை செய்யும் பையன் கீழே இறங்கியிருந்தான். பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். உயரமாக இருப்பதால் எல்லாரும் ஏணி என்பார்கள். ஆனால் எதிர்க் கட்டடத்தில் குடியிருந்த ஒருவர், விழுவதற்குச் சற்று முன்பு மாமா மாடியின் ஓரத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறார். இடுப்பு பெல்ட்டும் கயிறும் கழற்றி ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சில்லை என்பது தெருவுக்கே தெரியும். மிச்சத்தைத் தெரு தானே கூட்டிக்கொண்டது. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. நான் திரும்பும்போது மறுபடி தொடங்கியது. என் காது நல்ல காது. குதித்துவிட்டான் என்ற சொல் என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

அக்காவின் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு நாள் வீட்டில், ஏற்கெனவே மடித்திருந்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் சொன்னது அவ்வளவு பெரிய வார்த்தையாடி?"

நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. போர்வையைப் பிரித்தாள்.

மரண விசாரணை நடக்கும் என்று போலீஸ்காரர் வந்து சொன்னபோது வீட்டில் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். மாமியார், "போனவனை விட மாட்டாங்களா? எதுக்குக் கிளறணும்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். தம்பிக்கு வேகம் வந்தது. "வரட்டும். கட்டடக்காரனைக் கூண்டுல ஏத்தறேன்" என்றார். அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு அதிகாரி எழுந்து, பத்துப் பேர் முன்னால், இவள் பேசிய பேச்சால்தான் இவர் குதித்தார் என்று சொல்லப் போகிறார் என அவள் நினைத்தாள். அதைச் சொல்ல ஓர் இடம், ஒரு நாற்காலி, ஒரு மேசை இருக்கிறது என்பதே அவளுக்கு ஒரு முடிவு போலிருந்தது. போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

போலீஸ்காரர் துணிகளைக் கேட்டார். அக்கா உள்ளே போய்க் கொண்டுவந்து நீட்டினாள். துவைத்து, இஸ்திரி போட்டு, கூடத்தில் மடிப்பது போல மடித்திருந்தாள். சட்டையின் காலர்கூட நிமிர்ந்திருந்தது.

போலீஸ்காரர் அதை வாங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். "இதை ஏம்மா துவைச்சீங்க?"

"அழுக்கா இருந்துது" என்றாள்.

விசாரணை ஓர் அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நீள மேசை, சுற்றும்போது கிறீச்சிடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி ஒரு பெண். கடுமையான ஜலதோஷம் பிடித்திருந்தது. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக் குடித்துக் குடித்துப் பேசினார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். அவள் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் கிடந்தது. அதை இழுத்து விடுவதும் மறுபடி இழுப்பதுமாக இருந்தாள்.

தம்பி முதலிலேயே எழுந்துவிட்டார். "மேடம், குற்றவாளியை முதல்ல கூப்பிடுங்க. கட்டடக்காரர் எங்க?"

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உக்காருங்க தம்பி. இங்க குற்றவாளின்னு யாரும் இல்ல. இது வழக்கு இல்ல. யார் மேல தப்புன்னு நான் சொல்லப் போறதில்ல, சொல்லவும் முடியாது."

"அப்ப எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"நல்லா இருந்த ஒருத்தர் திடீர்னு இறந்திருக்கார். யாரும் பாக்கல. அப்படி இருந்தா, இறந்தவர் யாரு, எங்க, எப்ப, எப்படி இறந்தாருங்கறதுக்கு யாராவது உக்காந்து பதில் கண்டுபிடிச்சே ஆகணும். இல்லன்னா தெருவுல இருக்கறவங்க பதில் சொல்லிடுவாங்க. அது சரியா இருக்கணும்னு அவசியமில்ல." அவர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "இன்னொண்ணும் இருக்கு. அதே மாதிரி இன்னொருத்தர் சாகாம இருக்கணும்."

தம்பி உட்கார்ந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. யாரையாவது அடிக்கத் தயாராக வந்தவருக்கு நாற்காலி கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் வந்து சொன்னார். தலையில் பட்ட அடிதான் காரணம், குடித்திருக்கவில்லை, நெஞ்சுவலி போல எதுவும் இல்லை. எதிர்க் கட்டடத்துக்காரர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நடந்ததைப் பார்க்க நேர்ந்ததே தன் தவறு என்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓரத்துல நின்னாருங்க. தலையைச் சாய்ச்சுக்கிட்டு. ரொம்ப நேரம் அப்படியே. எனக்கு என்னவோ போல இருந்துது. உள்ள போன் அடிச்சுது, போயிட்டேன். திரும்பி வரும்போது கீழே கூட்டம்."

அக்கா ரப்பர் பேண்டை இழுத்து விட்டாள். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. தலையைச் சாய்த்துக்கொண்டு என்று அவர் சொன்னபோது எனக்கு எங்கள் கூடத்துச் சுவர் ஞாபகம் வந்தது. எழுந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.

அடுத்து ஏணி. அவன் உட்கார்ந்தாலும் பாதி நின்றது போலத்தான் இருப்பான்.

"அவர் ஓரத்துல ஏன் நின்னிருப்பார்னு நினைக்கறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"அண்ணன் எப்பவும் அப்படித்தான் நிப்பாரு மேடம். பக்கவாட்டுச் சுவரை அடிச்சு முடிச்சிருந்தோம், இன்னொரு பக்கம் பாக்கி. விட்ட இடம் இருக்கான்னு வெளிச்சத்துல பாப்பாரு. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன், சுவருக்கு நாடி பாக்கறீங்களான்னு."

"பெல்ட்டைக் கழட்டியிருக்காரே?"

"சாப்பாட்டு நேரம். நான் டப்பா ரெண்டையும் எடுத்துக்கிட்டு முன்னாடி இறங்கிட்டேன். அவரு வரேன்னாரு. பெல்ட்டோட படியிறங்க மாட்டோம், கயிறு கால்ல மாட்டும்."

"அந்த நாட்கள்ல அவர் மனசு எப்படி இருந்துது?"

ஏணி அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வீட்டுல பேச்சுவார்த்தை இல்லன்னு சொன்னாரு. வருத்தம்தான். ஆனா டப்பாவைத் திறந்ததும், 'பாருடா, இந்தக் கோவத்துலயும் உப்பு தப்பல'ன்னு சொல்வாரு. தினமும் அதேதான். எனக்கே அலுத்துப்போச்சு மேடம்."

பின்வரிசையில் யாரோ சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். அதிகாரியும் கைக்குட்டைக்குள் லேசாகச் சிரித்தார். அக்காவின் முகம் மாறவில்லை. அவளுக்கு அந்த வாக்கியம் எங்கேயோ தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது போல. இன்னும் வந்து சேரவில்லை.

அதிகாரி போலீஸ்காரர் பக்கம் திரும்பினார். "மேல பெயின்ட் டப்பா, கயிறு, பெல்ட் எல்லாம் இருந்ததா சொல்றீங்க. பிரஷ்?"

"பிரஷ் கிடைக்கல மேடம். கீழயும் தேடினோம்."

"பெரிய பிரஷ் அண்ணன்கிட்டதான் இருந்துது" என்றான் ஏணி.

அதன் பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் போய் உட்கார்ந்தாள். அதிகாரி முதலில் வேறு எதையும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள்.

"துணியைத் துவைச்சது நீங்கதானே?"

"ஆமாங்க. அது தப்புன்னு தெரியாது. கையில வந்துது, போட்டுட்டேன்."

"உங்களைத் திட்டறதுக்குக் கேக்கலம்மா. துவைக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாத்தீங்களா?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டைப் பார்க்காமல் யாராவது துவைப்பார்களா? "பாத்தேன். முன்னால கைக்குட்டை. பின்னால பிரஷ்."

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நானும்தான். ஆணியில் தொங்கிய பிரஷ்ஷை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிரஷ் எப்படி இருந்துதும்மா?"

"எப்படின்னா?"

"சும்மா இருந்துதா? காஞ்சிருந்துதா?"

"கவர்ல சுத்தியிருந்துது. பிரிச்சுக் கழுவி மாட்டிட்டேன். ஈரமாத்தான் இருந்துது, தண்ணியிலயே போயிடுச்சு. இல்லன்னா வீணாயிடும்னு திட்டுவாரு."

"கவர் எதால கட்டியிருந்துது?"

அக்கா தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அதைப் பார்ப்பது போல. "இதால" என்றாள்.

அந்த ரப்பர் பேண்டில் கிரீம் நிறத்தில் பெயின்ட் ஒட்டி உலர்ந்திருந்தது. ஏணி அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அதிகாரி அவசரப்படவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டார். "பிரஷ்ஷைக் கவர்ல சுத்தறது எப்ப?"

"மறுபடி வந்து அடிக்கறதுக்கு மேடம்" என்றான் முகத்தை மூடியபடியே. "சாப்பிட்டு வந்து அடிக்கறதுக்கு. வேலை முடிஞ்சா கழுவிடுவோம். வர மாட்டோம்னா யாரு சுத்துவா?"

மின்விசிறி ஒரு சுற்று கிறீச்சிட்டது.

அதிகாரி தானே அந்த மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்திருந்தார். படிக்கட்டுக்குப் போகும் வழியில் பழைய தண்ணீர்க் குழாய்கள் குறுக்கே கிடக்கின்றன, அந்த இடத்தில் கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது, எச்சரித்துக் கூட்டிப்போனபோதே தானும் ஒரு குழாயில் தடுக்கினேன் என்றார். பிறகு தன் முடிவைச் சொன்னார். கால் எதில் தடுக்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவர் தன் உயிரை எடுத்துக்கொள்ள நினைத்தார் என்பதற்கு ஒன்றும் இல்லை. வேலையை நடுவில் நிறுத்தி, சாப்பிடக் கீழே வந்துகொண்டிருந்தவர் விழுந்திருக்கிறார். இது விபத்து. அந்தச் சுவரை உயர்த்த வேண்டும், குழாய்களை எடுக்க வேண்டும், அதுவரை அங்கே யாரும் வேலை செய்யக் கூடாது என்று உரியவர்களுக்குச் சொல்லப்படும்.

பிரஷ்ஷும் கவரும் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளப்படும், பிறகு திரும்பக் கிடைக்கும் என்றார். அக்கா ரப்பர் பேண்டைக் கழற்றப் போனாள்.

"அதைப் போலீஸ் இங்கயே பாத்துக் குறிச்சுட்டாங்க. அது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார் அதிகாரி. பிறகு பலமாகத் தும்மினார்.

வெளியே படிக்கட்டில் தம்பி பீடி பற்றவைத்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். மாமியார் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏணி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். அக்கா அவனிடம் போனாள்.

"அன்னிக்கு எங்க உக்காந்து சாப்பிட இருந்தீங்க?"

"கீழ, படிக்கு அடியில அண்ணி. நிழலா இருக்கும்."

"டப்பாவை நீங்க திறந்துட்டீங்களா?"

"இல்ல அண்ணி. அவரு வரட்டும்னு ரெண்டையும் வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

அக்கா தலையை ஆட்டினாள். "சாப்பிட வந்துட்டிருந்தாரு" என்றாள், அவனிடம் இல்லை, என்னிடமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு முறை அதையே சொன்னாள். அப்போதும் அழவில்லை. வழியில் ஒரு கட்டடத்துக்கு ஆட்கள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வை அவர்கள் இடுப்புக்குப் போனது, பெல்ட் இருக்கிறதா என்று. இருந்தது.

அடுத்த நாளே வேலைக்கு வந்துவிட்டாள். சண்டைக்குப் பிறகு அந்தப் பச்சைச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று மடித்தவள், அன்று மேசையின் மறுபக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். தெருப் பேச்சு உடனே நிற்கவில்லை. குழாயடியில் ஒருத்தி, "விபத்துதானாம், எழுதிக் குடுத்துட்டாங்களாம்" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்வதைக் கேட்டேன். பிறகு அவர்களுக்கு வேறு விஷயம் கிடைத்தது.

ஏணி ஒரு விடுமுறை நாளில் வந்தான். வாசலிலேயே நின்று, "அண்ணி, சமையலறைக்கு வேற கலர் அடிச்சுத் தரட்டுமா? எந்தக் கலர்னாலும் சொல்லுங்க" என்றான்.

அக்கா சமையலறைக்குப் போனாள். பக்கவாட்டில் நின்று, தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் சரிவாக விழுந்திருந்தது. அடுப்புக்கு மேலே, ஓரத்தில், கையளவு இடம் விட்டுப்போயிருந்தது. அவர் வழக்கம்போல நின்று பார்ப்பதற்கு முன்பே நாங்கள் வந்துவிட்டோம் போலிருக்கிறது.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."

அவன் சாப்பிட்டான். உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு போலீஸ்காரர் பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். யாரோ அக்கறையாக அதை மறுபடி அதே கவரில் சுற்றி, ஒரு நூலால் கட்டியிருந்தார்கள். அக்கா வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் பின்கதவில் நின்றேன். நூலை அவிழ்த்தாள். கவரை உதறிக் கொடியில் கிளிப் போட்டாள். பிரஷ்ஷைக் குழாயடியில் நனைத்து, பழைய சீப்பை எடுத்து, மயிர் நேராகும்வரை வாரினாள். பிறகு ஆணியில் தலைகீழாக மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.